நெட் இல்லாத இரண்டு கணினிகள், நான்கு ஆண்டு அனுபவம்

கணக்கு எழுதவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும் என்று, நெட் இணைப்பே கொடுக்காமல் இரண்டு விண்டோஸ் கணினிகளை நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். நெட் இல்லை, அப்புறம் வைரஸ் எங்கிருந்து வரும் என்ற தைரியம் ஆறு மாதம்தான் இருந்தது. ஒருநாள் பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் அத்தனையும் ஷார்ட்கட்டாக நிற்கின்றன.

ஃபைல்கள் அழியவில்லை, மறைந்திருந்தன. அந்த ஷார்ட்கட்டை கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும், அதனால்தான் பல நாள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பிராப்பர்ட்டீஸில் போய் ஹிடன் டிக்கை எடுக்கலாம் என்றால் அது மங்கிக் கிடக்கும், காரணம் சிஸ்டம் என்ற பண்பையும் வைரஸ் சேர்த்துப் போட்டிருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில், ஃபைல்களின் பண்புகளை மாற்றும் அட்ரிப் (attrib) கட்டளையால் இரண்டையும் ஒரே நேரத்தில் நீக்கினேன், எல்லாம் திரும்ப வந்துவிட்டன. தயவுசெய்து பதறிப்போய் ஃபார்மட் அடித்துவிடாதீர்கள்.

ஆனால் நான் செய்த தவறு, பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்தது. திரும்பச் செருகியதும் பழைய கதைதான். கணினியைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் விண்டோஸுக்குள் இருந்து அல்ல. வேறொரு நல்ல கணினியில் விண்டோஸ் இல்லாமலே ஓடும் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் என்ற ஆன்டிவைரஸை இறக்கி பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து பூட் செய்து ஸ்கேன் செய்தேன். விண்டோஸே ஓடாதபோது வைரஸாலும் ஓட முடியாது, அதனால் முழுதாகச் சிக்கியது.

அதன் பிறகு விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நம்பியிருக்கிறேன். அதற்கான டெஃபினிஷன் ஃபைலை, அதாவது வைரஸ்களை அடையாளம் காணும் பட்டியலை, மைக்ரோசாஃப்ட் தனியாகவே தருகிறது, 100 எம்பிக்கு மேல் இருக்கும், வாரம் ஒருமுறை கொண்டுவந்து போடுகிறேன். நெட் இல்லாததால் கிளவுட் வழி சரிபார்ப்பு கிடையாது, புத்தம் புதிய வைரஸ் தப்பிவிடலாம், அந்தக் குறை இன்றும் இருக்கிறது.

பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன்னை அணைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஷார்ட்கட் ஐகானை விண்டோஸ் காட்டினாலே ஓடும் ஓட்டையைப் பயன்படுத்தியது, கிளிக்கே தேவையில்லை. அந்த மாதிரி ஓட்டையை அடைக்க பேட்ச் என்ற திருத்தம்தான் வழி, ஆகவே மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் இருந்து மாதாந்திர அப்டேட்டையும் இறக்கிக் கொண்டுவருகிறேன். சலிப்பான வேலை, விடுவதில்லை.

உண்மையில் நிலைமையை மாற்றியது ஒரு பழைய லேப்டாப். அதில் லினக்ஸும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸும் போட்டு வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வரும் எந்தப் பென் டிரைவும் முதலில் அங்கேதான், அதில் தேவையான ஃபைலை மட்டும் நம்முடைய டிரைவுக்கு மாற்றித்தான் உள்ளே போகும். ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்திருப்பதால், ஃபோல்டர் ஐகானோடு வரும் ஈஎக்ஸ்ஈ (.exe) புரோகிராம் ஃபைல்களும் அங்கேயே பளிச்சென்று மாட்டுகின்றன. தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத கணக்குதான். இந்த ஏற்பாடு வந்த பிறகு இரண்டு கணினிகளிலும் மாத ஸ்கேனில் ஒன்றுகூட அகப்படவில்லை, லேப்டாப்பில்தான் அடிக்கடி அகப்படுகிறது.