சாயாவுக்கு இரண்டு ரூபாய், செயலியில் பத்துப் புள்ளி

நாகர்கோவிலை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மூன்று வருடமாகச் சுற்றுச்சூழல் மன்றமும் என் தலையில்தான். கேன்டீன் வாசலில் குவியும் பேப்பர் கப்பைக் குறைக்க, பரிசு காட்டி மூன்று விதமாக முயன்றுவிட்டோம். உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் அதற்கு முன்பே முடிந்துபோன கதை. வேறொரு கல்லூரியில் இதே பொறுப்பு வந்து விழுந்த நண்பர் ஒருவர், எதில் இறங்கலாம் என்று போனில் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மூன்று வழிகள் இவை: மதிப்பெண்ணோ சான்றிதழோ கொடுப்பது, செல்போன் செயலியில் புள்ளி ஏற்றுவது, கேன்டீனில் கையோடு இரண்டு ரூபாய் மிச்சம் காட்டுவது. நான் மூன்றாவது கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு புதிதும் அல்ல. தமிழ்நாடு முழுக்க 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1இல். அதற்குப் பல வருடம் முன்பே குமரி மாவட்டக் கடைகளில் பிளாஸ்டிக் பை கேட்டால் முறைத்துப் பார்ப்பார்கள். இன்றைய முதலாண்டுப் பிள்ளைகள் அப்போது அங்கன்வாடியில் இருந்திருப்பார்கள். அந்த 14இல் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் உண்டு. கேட்டால் கேன்டீன் அண்ணாச்சி, "இது பூச்சு இல்லாத கப்பாக்கும் சாரே" என்பார். சுடச்சுட சாயா ஊற்றிக் கால் மணி நேரம் ஆகியும் அது ஊறாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை.

மதிப்பெண் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’யைத் தொடங்கியதே, அந்தப் பெயரில் நாங்களும் ஒரு நாள் வைத்தோம். பையோடும் டம்ளரோடும் வந்தால் என்.எஸ்.எஸ். நேரக்கணக்கில் சேர்ப்போம் என்று அறிவிப்பு. வருடத்துக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டிய பிள்ளைகளுக்கு அது பெரிய பரிசுதான். பதிவேட்டில் கையெழுத்துப் போட அறுபது பேர் வரிசையில் நின்றார்கள், அறுபது பேர் கையிலும் மஞ்சப்பை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், கையெழுத்துப் போட்டவன் ஜன்னல் வழியாகப் பையை வெளியே கொடுக்கிறான், அதே பை திரும்ப வரிசைக்கு வருகிறது. மொத்தம் ஐந்து பை இருந்திருக்கும். புகைப்படம் மட்டும் நன்றாக வந்தது. கல்லூரிகளுக்குத் தரம் போட வரும் நாக் (NAAC) குழு கேட்கும் கோப்புக்கு அது உதவும், அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

செயலி கொஞ்சம் மரியாதைக்குரிய எதிராளி. கணினித் துறை மூன்றாமாண்டுப் பையன்கள் மூன்று பேர் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து செய்தார்கள். கேன்டீன் குழாயடியில் கியூ.ஆர். ஒட்டினோம். சொந்த டம்ளரைக் கழுவும்போது ஸ்கேன் செய்தால் 10 புள்ளி, 500 சேர்ந்தால் பரிசு. முதல் இரண்டு வாரம் திருவிழாதான். துறைவாரியாகப் பட்டியல் வேறு ஓடியது. தமிழ்த் துறை கணினித் துறையை முந்திய அன்று வராந்தாவில் விசில் சத்தம். அந்த உற்சாகத்தை மற்ற இரண்டு வழியிலும் நான் பார்க்கவில்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு மாணவன் ஞாயிற்றுக்கிழமை பதினான்கு டம்ளர் கழுவியிருந்தான். கியூ.ஆர். படம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. சரி, இருப்பிடத்தையும் பார்க்கும்படி செயலியை மாற்றினார்கள். தகரக் கூரைக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவே ஜி.பி.எஸ். தடுமாறி, நிஜமாகவே கழுவியவர்களுக்குப் புள்ளி ஏறவில்லை. இடைவேளைதோறும் என் அறை வாசலில் கூட்டம். "சார், எனக்கு நாப்பது பாயின்ட் ஏறல சார்." யார் கழுவினார், யார் கழுவவில்லை என்று நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். அது தெரிந்ததும் கூட்டம் இரண்டு மடங்கு ஆனது.

ஏப்ரலில் அந்த மூன்று பையன்களும் பிரியாவிடை வாங்கிப் போய்விட்டார்கள். ஒருவன் வேலைக்குச் சென்னை போனான், இருவர் மேற்படிப்பு. சர்வருக்கு யார் பணம் கட்டுவது என்று ஜூனில் பேச்சு வந்தபோது செயலி ஏற்கெனவே திறக்காமல் போயிருந்தது. 300 புள்ளி சேர்த்து வைத்திருந்த ஒரு பெண் இன்னும் என்னைப் பார்க்கும்போது சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு எனக்குப் புரிகிறது. பரிசளிப்பு விழா இன்னொரு கூத்து. பரிசுகளைச் சுற்றியிருந்த ஜிகினாத் தாளே ஒரு கூடை சேர்ந்தது.

நண்பருக்கு நான் அழுத்திச் சொன்னது இந்த ஒன்றைத்தான்: எந்தப் பரிசுத் திட்டத்தை எடுத்தாலும், இதற்குக் கணக்கப்பிள்ளை யார் என்று முதலில் கேளுங்கள். பரிசு எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அப்புறம். கல்லூரியில் மூன்றில் ஒரு பங்குப் பேர் வருடாவருடம் வெளியேறிவிடுவார்கள். ஆர்வமாகச் செய்தவன் போவான், புதிதாக வருபவனுக்குக் கதை தெரியாது. ஆசிரியருக்கு மாற்றல் வரலாம், மன்றப் பொறுப்பு கைமாறலாம். இதையெல்லாம் தாண்டி நிற்க வேண்டுமென்றால், கணக்கு எழுதவே தேவையில்லாத பரிசாக அது இருக்க வேண்டும். நினைவில் வைக்க ஒன்றும் இருக்கக் கூடாது, நிரூபிக்கவும் ஒன்றும் இருக்கக் கூடாது.

கேன்டீன் வழியில் அதுதான் சௌகரியம். ஆனால் அதையும் முதல் தடவை தப்பாகத்தான் செய்தோம்.

சாயா 12 ரூபாய். ‘சொந்த டம்ளர் கொண்டுவந்தால் 2 ரூபாய் தள்ளுபடி’ என்று பலகை வைத்தோம். ஒரு மாதம் ஈ ஓட்டினோம். ஏற்கெனவே டம்ளர் கொண்டுவருகிற பத்துப் பேர் சந்தோஷப்பட்டார்கள், அவ்வளவுதான். இதற்கு நடுவே ஒரு வழக்கு வேறு. தோவாளைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டில் பால் வாங்கும் தூக்குவாளியைக் கொண்டுவந்து எட்டுச் சாயா வாங்கினாள். வகுப்பில் எட்டுப் பேர் பங்கு போட்டுக் குடிப்பார்களாம். "எட்டுக்குமா தள்ளுபடி, ஒரு பாத்திரத்துக்கு மட்டுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். பதினாறு ரூபாயா, இரண்டு ரூபாயா? பஞ்சாயத்து என்னிடம் வந்தது. எட்டுக்கும்தான் என்று சொன்னேன். அப்படியானால் ஒரு டம்ளரில் மாற்றி மாற்றி ஐந்து பேர் வாங்கினால்? திரும்பவும் நான் கணக்கப்பிள்ளை.

அன்று மாலையே பலகையை அழித்து எழுதினோம். ‘சாயா 10. பேப்பர் கப் 2.’ விலையில் ஒரு பைசா மாற்றமில்லை. ஆனால் தூக்குவாளி வழக்கு அதோடு முடிந்தது. கப் எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் இல்லை, எதில் வாங்கினாய் என்று கேட்கவே வேண்டாம். பிள்ளைகளும் மாறினார்கள். எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை. தினமும் இரண்டு முறை நிரம்பி வழிந்த கூடை இப்போது சாயங்காலம் வரை தாங்குகிறது, என் அளவுகோல் அதுதான்.

இது எங்கள் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமல்ல என்று பிறகுதான் படித்தேன். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் காபிக் கடைகளில் இதே இரண்டையும் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். கப்புக்குத் தனிக் காசு வைத்தபோது சொந்தக் குவளைகள் கூடின, தள்ளுபடிக்கு யாரும் அசையவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பகுதிக் கடைகளில் பைக்கு 5 சென்ட் கட்டணம் வந்தபோதும் அப்படித்தான்: பை எடுப்பது வெகுவாகக் குறைந்தது, சொந்தப் பைக்கு அதே 5 சென்ட் தள்ளுபடி தந்த கடைகளில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. வருகிற இரண்டு ரூபாயைவிடப் போகிற இரண்டு ரூபாய் பெரிதாகத் தெரியும்போல. "அப்போ இது பரிசா, அபராதமா?" என்று சக ஆசிரியர் மடக்கினார். பலகையைப் பார்த்தால் அபராதம், மாதக் கடைசியில் பாக்கெட்டைத் தடவினால் பரிசு என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பராமரிப்பு இதிலும் உண்டு, ஆனால் அது குழாயோடு நிற்கிறது. ஒரு குழாய் போதாது, மூன்றாவது வைத்த பிறகுதான் நெரிசல் குறைந்தது. கழுவத் தேங்காய் நார் போட்டுவைக்க வேண்டும், நம் ஊரில் அதற்கா பஞ்சம். மூடியில்லாத டம்ளரைக் கழுவாமல் பைக்குள் போட்டால் அடுத்த நாள் நோட்டுக்குள் எறும்பு ஊரும். இரண்டு பேர் அதோடு டம்ளரை விட்டுவிட்டார்கள்.

கேன்டீனே எவர்சில்வர் டம்ளர் தரக் கூடாதா என்று கேட்பீர்கள். தந்தார்கள். வகுப்பறைகளுக்குப் போன டம்ளர்கள் திரும்பி வரவில்லை. பத்து ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசித்தோம். நீலகிரியில் 2022 முதல் காலி மதுப்புட்டிக்குச் செய்கிறார்களே, அதே முறை. மாணவர்களிடம் உதாரணம் சொல்ல முடியாத உதாரணம் அது. ஆனால் டோக்கன், சில்லறை, கழுவ ஓர் ஆள் என்று நீண்டது, கைவிட்டோம். தனியாகக் கழுவும் ஆள் இருக்கும் பெரிய கேன்டீனில் அது நம் முறையைவிட நன்றாகவே ஓடலாம்.

பேருந்தில் வருகிறவர்களுக்குப் பரிசு என்ற யோசனையும் வந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. மாணவிகளுக்கு அதற்கு மேல் நாம் என்ன கொடுக்க? பைக்கில் வரும் பையன்களை இரண்டு ரூபாய் காட்டிப் பேருந்தில் ஏற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கல்லூரியில் விடுதி இல்லை. எல்லோரும் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிறவர்கள். விடுதிச் சாப்பாடு, மின்சாரம், தண்ணீர் என்று வரும்போது இந்த முறை எடுபடுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே டம்ளர் தூக்கியவர்கள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் சாயா குடிக்கும்போதும் தூக்குகிறார்களா என்றால், நான் பார்த்த வரையில் இல்லை.

நம் முறையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு கப் அண்ணாச்சிக்கு ஒரு ரூபாய்க்கும் கீழேதான் விழுகிறது. இரண்டு ரூபாய்க்குக் கொடுத்தால் கப்புக்குக் கப் அவருக்கு லாபம். ஐப்பசி மழையில் பிள்ளைகள் டம்ளரை மறந்து வரும் நாளில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். ஒரு ரூபாயாகக் குறைத்தால் அவருக்கு ஆசை போகும், பிள்ளைகளுக்கு உறைக்காது. கப் வருமானத்தைத் தனி உண்டியலில் போடலாம் என்றால் அதற்கு ஒரு நோட்டு, அந்த நோட்டுக்கு ஒரு கணக்கப்பிள்ளை. அதனால் இப்போதைக்கு ஒரே ஒரு யோசனைதான் வைத்திருக்கிறேன்: ஜூனில் குத்தகை புதுப்பிக்கும்போது, மாதம் வாங்கும் கப் பெட்டி குறையக் குறைய வாடகையும் குறையட்டும். கப் வாங்கிய பில்லை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அண்ணாச்சியிடம் போன வாரம் சொன்னேன். சாயா ஆற்றிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்லுகேன் சாரே" என்றார்.