ஓட்டோ லீசிங்: ‘தவணை’ என்று அவர்கள் சொல்வதும் நாங்கள் விளங்குவதும்

திருகோணமலையில் பழைய ஓட்டோ ஒன்றுக்கு லீசிங் (நிதி நிறுவனம் வண்டிக்குக் காசு போட, நாங்கள் மாதாமாதம் கட்டித் தீர்ப்பது) எடுப்பது பெரிய அலைச்சல் இல்லை. அடையாள அட்டை, வருமானத்துக்கு ஒரு ஆதாரம், பிணையாளிகள், வண்டிப் புத்தகம், பெறுமதி அறிக்கை எல்லாம் சரியாக இருந்தால் காரியம் சுறுக்காக முடியும். தமிழிலேயே பேசி அலுவல் பார்க்கலாம். இந்த மட்டில் சேவை நல்லது. சிக்கல் ‘தவணை’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

எங்களுக்குத் தவணை என்றால் முதலில் காலம்தான். பள்ளிக்கூடத்தில் முதலாம் தவணைப் பரீட்சை, கோட்டில் வழக்குக்குத் தவணை. “ஒரு கிழமை தவணை தாங்கோ” என்றால் பொறுக்கச் சொல்கிறோம். லீசிங்கில் அதே சொல் பொறுக்காத காசு: குறித்த திகதி, குறித்த தொகை, சதக்கணக்கில். அதையே ஒப்பந்தத்தில் ‘வாடகை’ என்று எழுதியிருந்தால் பிழையென்று நினைக்க வேண்டாம். கடன் தீரும்வரை வண்டியின் முழு உரிமையாளர் நிறுவனம்தான். அதனால்தான் நிலுவை ஏறினால் வண்டியைத் தூக்குகிறார்கள். காப்புறுதிக்குக் கட்டுவது கட்டுப்பணம். அது தவணைக்குள் அடக்கமா, வருடா வருடம் தனியாகவா என்று முதல் நாளே கேளுங்கள்.

இனிக் கணக்கு. 3 இலட்சம் ரூபாய், 36 மாதம், “வட்டி 15 வீதம்தான்” என்கிறார்கள் என்று வையுங்கள். அது பிளாட் வட்டி என்றால், வருடம் 45,000, மூன்று வருடத்துக்கு 135,000. மொத்தம் 435,000, தவணை 12,083 ரூபாய் 33 சதம். ஆனால் முதல் (வாங்கிய கடன் தொகை) குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் அல்லவா? பிளாட் முறையில் கடைசி மாதம்வரை முழு 3 இலட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறைந்துவரும் மிகுதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வீதம் வருடத்துக்கு ஏறத்தாழ 26. முதல் தவணையில் சுமார் 6,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதல் தொகையில் கழிவது 5,600 அளவுதான்.

ஒரு வருடம் பிசகாமல் கட்டினால் கொடுத்தது 145,000. காலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, முதல் தொகையில் நாலில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். மிகுதி கிட்டத்தட்ட 224,300. இடையில் மொத்தமாகக் கட்டி முடிக்கப் போகிறவர்கள் 2 இலட்சம் என்று நினைத்துக்கொண்டு போய்த் திகைப்பது இதனால்தான். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் இருந்தால் அதுவும் மேலே சேரும்.

ஆகவே கையொப்பத்துக்கு முன் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். திகதி, தவணை, வட்டி, முதல், மிகுதி என்று ஐந்து நிரலும் இருக்க வேண்டும். தொகையை மட்டும் கடதாசித் துண்டில் எழுதித் தருவது போதாது. அட்டவணை தர இழுத்தடிக்கும் இடத்தில் எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மிகச் சின்னதாகத் தெரிவது. “12,000 கட்டினால் சரி” என்று சில்லறையை விட்டுவிடுவார்கள். மாதம் 83 ரூபாய் 33 சதம் குறைந்தால் 36 மாதத்தில் சரியாக 3,000 நிலுவை, அதன்மேல் தாமத வட்டி. பிந்திக் கட்டினால், தரும் காசு பெரும்பாலும் முதலில் தாமத வட்டிக்கும் வேறு கட்டணத்துக்கும் போய், மிஞ்சியதுதான் தவணைக்கு விழும். அந்தத் தவணை முழுதாக அடைபடாமல் அடுத்த மாதமும் துண்டு விழும். பற்றுச்சீட்டில் நிலுவை என்ற இடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிந்திய தவணைகள் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் ஏறும். அடுத்த கடனுக்கு அதைத்தான் புரட்டுவார்கள்.

எங்கள் ஊருக்கு இந்தத் திட்டம் பொருந்தாத இடம் மழைக்காலம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் ஓட்டோவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை உழைப்பு. நவம்பர், டிசம்பரில் கடலும் கொந்தளிக்கும், வெளியூர்ச் சனமும் குறையும். தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒன்றுதான். சீசனில் கூட்டியும் மாரியில் குறைத்தும் கட்டும் அட்டவணை போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது கேட்டால்தான் உண்டு. முடியாது என்றால் மாரிக்கு மூன்று தவணைக் காசையாவது சீசனிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பிணக்கு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வையுங்கள். சரிவராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது.

எங்கள் மதிப்பீடு: வேகத்துக்கு நல்ல புள்ளி, விளக்கத்துக்குக் குறைந்த புள்ளி. இரண்டு வருடத்துக்குள் கட்டி முடிக்கக்கூடியவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்கிறோம். கடைசித் தவணை கட்டிய கையோடு கடன் தீர்ந்த கடிதத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிறுவனத்தின் பெயரை நீக்கிவிடுங்கள். அதைச் செய்யாமல் வண்டியை விற்கப் போனால் பெயர் மாற்ற முடியாமல் நிற்கும்.