எர்ணாவூர் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார்: ஓராண்டு அனுபவம்

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் அமைப்பைப் பொருத்தி ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. போடலாமா என்று தெருவில் பலரும் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு பேனல்கள், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், வேலைக் கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,90,000 ரூபாய் ஆயிற்று. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் மானியமான 78,000 ரூபாய் பிறகு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது; ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டு மாத மின்கட்டணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பணக்கணக்கில் எனக்குக் குறையேதும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பொருத்திய நிறுவனத்தார் கூரையின் அளவையும் பழைய மின்கட்டண ரசீதையும் கேட்டார்களே தவிர, எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் பேனல் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியே மின்வாரியக் கம்பிக்குப் போய்விடுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் ஏசியும் கிரைண்டரும் ஓடும்போது அதே கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இருவழி மீட்டரில் போனதும் வந்ததும் கழிந்துவிடுகின்றன, ஆனால் எதிலிருந்து வருகின்றன என்று பார்த்தால் நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றல்ல. மாடியில் நின்று வடக்கே பார்த்தால் அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டபோது இங்கே பலருக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனாலும் வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை நிலையத்தின் முதலிரு கட்டங்களில் 1,830 மெகாவாட் என்று நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இருட்டிய பிறகு எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் அதன் பங்கு பெரிது. ஆடிக்காற்றுக் காலத்தில் தென்மாவட்டக் காற்றாலைகள் இரவிலும் சுழன்று கைகொடுக்கும். மாசி, பங்குனி மாலைகளில் அந்தத் துணையும் இல்லை.

2070-க்குள் நிகரக் கார்பன் உமிழ்வை, அதாவது வெளியிடுவதில் உறிஞ்சப்படுவதைக் கழித்த மிச்சத்தை, பூஜ்யமாக்குவதாக 2021-ல் இந்தியா அறிவித்தது. அதற்குப் பேனல்களைப் பெருக்கினால் மட்டும் போதாது. பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோகும் வழியும், மாலைத் தேவையைப் பகலுக்கு நகர்த்தும் வழியும் வேண்டும். கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் பல ஆண்டுகளாக முதல் வழியைத்தான் செய்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது திறந்துவிடுகிறார்கள். நாங்கள் எளிதான இரண்டாவது வழியைப் பின்பற்றினோம். தண்ணீர் மோட்டாருக்கு 800 ரூபாயில் ஒரு டைமர் வாங்கிக் காலை பதினொரு மணிக்கு ஓடும்படி வைத்தோம்; துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் ஞாயிறு பகலுக்கு மாற்றினோம். இந்த யோசனையை விற்பவரே முதல்நாளில் சொல்லியிருக்க வேண்டும்.

மின்தடையிலும் வீட்டுக்கு மின்சாரம் தரும், பேட்டரியுடன் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. சித்திரை மாதத்தில் ஒரு நண்பகல், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே மின்தடை வந்து வீட்டு மின்விசிறி நின்றது. பேனல் பழுதாகிவிட்டது என்று என் அம்மா பதறிப்போனார். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து நேராமலிருக்க, மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் மின்தடையின்போது தானாகவே அணைந்துவிடும். அந்த ஏற்பாடு சரியானதே. அதை முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்டாவது மாதத்தில் சட்டத்தின் போல்ட்டுகளில் துரு ஏறி, செம்பழுப்பு நீர் சுவரில் கோடாக வழிந்திருந்தது. மூன்று முறை போனில் அழைத்த பிறகுதான் ஆள் வந்து துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளாக மாற்றினார். பேனலை ஈரத்துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகிவிடுகிறது; உப்பும் தூசியும் சேர்ந்து கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்குக் கழுவுகிறோம்.

பேனல்களின் தரத்துக்கு ஐந்தில் நான்கரை, நிறுவனத்தின் சேவைக்கு இரண்டரை என்று மதிப்பெண் தருவேன். வாங்குகிறவர்கள் போல்ட்டின் உலோகம் எது, சட்டத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பிற்காலத்தில் பேட்டரி சேர்க்க இன்வெர்ட்டர் இடம் தருமா என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.