நைட்ரஜன் ஜெனரேட்டருக்கு எனர்ஜி ஆடிட் – கஞ்சிக்கோடு சிப்ஸ் யூனிட்டுல இருந்து ஒரு ரிவியூ

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டுல நேந்திரம் சிப்ஸ் பேக்கிங் யூனிட் நடத்தறோம்ங்க, பாக்கெட்ல அடைக்கற நைட்ரஜனுக்கு சின்ன பிஎஸ்ஏ ஜெனரேட்டர் ஒண்ணு ஓடுது, அதாவது கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பற காத்த கார்பன் சல்லடை வழியா விட்டு நைட்ரஜன பிரிக்கற மெஷின். கரண்ட் பில் ஏறிட்டே போனதால கோயம்புத்தூர்ல இருந்து கம்ப்ரஸர் எனர்ஜி ஆடிட் பண்றவங்கள, அதாவது கரண்ட் எங்க வீணாகுதுன்னு அளந்து சொல்றவங்கள கூப்புட்டோம். குடுத்த காசுக்கு நல்லாவே வேலை பாத்தாங்க, நம்ம பக்கத்து யூனிட்காரங்களுக்கும் பிரயோஜனப்படும்னுதான் எழுதறேன்.

வந்ததும் அவங்க கேட்ட மொதல் கேள்வியே "உங்களுக்கு எத்தன பியூரிட்டி வேணும்ங்க?"னுதான். மெஷின் வித்தவங்க 99.999%ல செட் பண்ணி குடுத்துட்டு போயிருந்தாங்க. சிப்ஸ் பாக்கெட்டுக்கு 99.5% தாராளமா போதும், அதே அளவு நைட்ரஜன 99.999ல எடுக்கணும்னா உள்ள அனுப்பற காத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேணும், அந்த காத்த அழுத்தறதுக்குத்தான் அத்தன கரண்டும் போகுதுன்னு மீட்டர வச்சே காட்டுனாங்க. காத்துல 78% நைட்ரஜன் சும்மா கெடக்குது, காசெல்லாம் பிரிக்கறதுக்குத்தான். பெரிய ஆக்ஸிஜன் பிளாண்ட்ல காத்த மைனஸ் 180 டிகிரி பக்கம் குளிர வச்சு திரவமாக்கி பிரிக்கறாங்களே, அங்கயும் பெரிய செலவு கம்ப்ரஸர் கரண்ட்தானாம்.

அடுத்தது பிரஷர். தேவைக்கு மேல வச்சிருந்தத கொறச்சாங்க, 1 பார் கொறச்சா கம்ப்ரஸர் கரண்ட்ல சுமாரா 7% மிச்சம். அப்பறம் அல்ட்ராசோனிக் மீட்டர எடுத்துட்டு பைப் லைன் பூரா நடந்து, புஸ்ஸுன்னு சத்தமே கேக்காத லீக்க எல்லாம் கண்டுபுடிச்சு டேக் கட்டுனாங்க, ஒழுங்கா பாக்காத பிளாண்ட்ல அழுத்துன காத்துல 20–30% லீக்லயே போயிடுமாம், கேக்கவே வயிறு எரியுது.

பாலக்காட்டு வெயில் சொல்லவே வேண்டாம், மார்ச் ஏப்ரல்ல கம்ப்ரஸர் ரூம் அடுப்பு மாதிரி கொதிக்கும். உறிஞ்சற காத்து 4 டிகிரி கூடுனா கரண்ட் சுமாரா 1% கூடும்னு சொல்லி, வெளிய நிழல்ல இருந்து காத்து வர்ற மாதிரி டக்ட் போட வச்சாங்க. மழைக்காலத்துல ஈரத்துக்காக டிரையரையும், எண்ணெய் புடிக்கற ஃபில்டரையும் தவறாம பாக்க சொன்னாங்க, கார்பன் சல்லடையில எண்ணெய் ஏறிட்டா அதோட போச்சு, புதுசு போடணும். ஃபில்டர் அடைச்சாலும் பிரஷர் கொறயும், அத ஈடுகட்ட கம்ப்ரஸர் இன்னும் முக்கும்.

பில்லு கண்ணுக்கு தெரியற மாதிரி எறங்கிருச்சு. புது மெஷின் எதையும் தலையில கட்டாம இருந்தத இதுக்கு மேல சொல்வேன்.

கொறைன்னா, ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ்ல இருக்குது. மெஷின ஓட்டற பசங்க தமிழும் மலையாளமும் படிக்கறவங்க, அவங்களுக்கு பியூரிட்டி, பிரஷர், ஃபில்டர் மாத்தற நாள் மட்டுமாவது ஒரு பக்கத்துல எழுதி குடுத்திருக்கணும், அதுக்கு ஒரு ஸ்டார் கொறச்சு 4 ஸ்டார். வெயில் தொடங்கறதுக்கு முன்னாடியே கூப்புட்டு பாத்துருங்க.