கீழ் உருளையா, மேல் கவ்வி மட்டுமா? மட்டக்களப்பு மணலுக்கு ஏற்ற செயின் கைட்

செயின் கழன்று விழாமல் முன் பல்சக்கரத்தில் பிடித்து வைக்கும் பாகம்தான் செயின் கைட். என்னுடைய மின்சார மலைச் சைக்கிளில் முதலில் இருந்தது முழு செயின் கைட். மேலே செயினை இரு பக்கமும் அணைக்கும் பிளாஸ்டிக் கவ்வி, கீழே பல் வைத்த சிறிய உருளை, அதோடு சேர்ந்து முன் பல்சக்கரத்தைக் கல்லிலிருந்து காக்கும் தகடு. இந்த மே மாதம் கீழ்ப்பகுதியை அப்படியே கழற்றிவிட்டு, மேல் கவ்வியோடு மட்டும் ஓடுகிறேன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கைட்டே இல்லாமலும் ஓடலாம். செயினை இறுகப் பிடிக்க ஒரு பல் தடிப்பு, அடுத்த பல் மெல்லிசு என்று மாறிமாறி வரும் பல்சக்கரத்தை 2012இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த பிறகு, சாதாரண மலைச் சைக்கிள்காரர்கள் பலர் கைட்டை மறந்தே போனார்கள். பின் கியர் மாற்றியில் கிளட்ச் இருந்தால் செயின் தொய்ந்து ஆடுவதும் குறைவு. நானும் சில வாரம் அப்படி ஓடிப் பார்த்தேன். உன்னிச்சைப் பக்கம் ஒரு கிறவல் றோட்டில், பள்ளத்தில் குலுங்கிச் செயின் உள்பக்கமாகக் கழன்றது. கால் அதை உணர்வதற்குள் மோட்டார் இழுத்துவிட்டது. என் மோட்டார் ஷிமானோ ஈபி8, 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பல்சக்கரத்துக்கும் மோட்டார் உறைக்கும் நடுவில் செயின் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. பொழுது சாயும் நேரம், யானை வரும் பக்கம். குந்தியிருந்து செயின் பிடுங்குகிற இடமா அது? மேல் கவ்வி கட்டாயம் என்று அன்றைக்கே முடிவு.

அப்புறம் மிச்சமிருந்தது கீழ் உருளை. செயினைப் பிடிப்பதில் அதைக் குறை சொல்ல மாட்டேன், முழு கைட் இருந்தவரை ஒருமுறைகூடக் கழன்றதில்லை. என்னைச் சலிக்க வைத்தது பராமரிப்புத்தான். கல்லடிக் கடற்கரை மணலும் உப்பும் ஒரு பக்கம், கச்சான் காற்று அடிக்கும்போது கிறவல் தூசு இன்னொரு பக்கம். செயினில் உள்ள எண்ணெய் இவ்வளவையும் வாரிக்கொண்டு போய் உருளையில் கொட்டும். இரண்டு கிழமைக்குள் கறகறவென்று சத்தம். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, கிரீஸ் வைத்துப் பூட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும். மூன்றாவது முறை கழற்றியபோது பேரிங் துருப்பிடித்துச் சுற்றவே இல்லை. அந்த அளவு பேரிங் நான் கேட்ட இரண்டு கடையிலும் இல்லை.

மேல் கவ்வியில் சுற்றுகிற பாகமே கிடையாது. தண்ணீர் ஊற்றித் துடைத்தால் சரி. பிளாஸ்டிக் தேயும், உண்மை. ஆனால் அதற்கு மாற்று இங்கேயே செய்யலாம்: எங்கள் சைக்கிள் கடை மாமா பழைய பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் அளவெடுத்து, அரத்தால் ராவி, ஒரு துண்டு செய்து தந்தார். பூட்டும்போதுதான் பொறுமை வேண்டும். பின்னால் ஆகப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுச் செயின் கவ்வியின் உள்பக்கத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆகச் சிறியதில் போட்டு வெளிப்பக்கம். இடைவெளி அளக்க மாமா எடுத்தது தென்னை ஈர்க்கு. இரண்டு பக்கமும் ஈர்க்கு தடையில்லாமல் போய்வர வேண்டும், கூடுதலாக ஆடவும் கூடாது. போதாவிட்டால் மெல்லிய வாஷர் ஒன்று. மிதியைப் பின்னுக்குச் சுற்றியும் பார்த்துவிடுங்கள், அப்போதும் உள்பக்கமாகக் கழலலாம்.

குடும்பிமலைப் பக்கம் பாறையில் ஏறி இறங்குபவர் என்றால் கதை வேறு; கீழ்த்தகடு இல்லாததால் என் பல்சக்கரத்தில் ஒரு பல்லின் நுனி ஏற்கெனவே மழுங்கிவிட்டது. மேல் கவ்வியோடு நான் ஓடியதெல்லாம் வெயிலில்தான், மாரி இன்னும் வரவில்லை. வயல் களி செயினில் அப்பும்போது இந்த ஏற்பாடு தாங்குமா என்று நவம்பரில்தான் பார்க்க வேண்டும். அதனால் உருளையை வீசவில்லை. பால்மா டின்னில், எஞ்சின் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.