வெள்ளை மருந்தா, வெள்ளித் தாளா?

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் பஜ்ஜிக் கடை போடும் எங்கள் சின்னம்மாவுக்கு, போன மழைக்காலத்தில் எண்ணெய்ச் சட்டி சரிந்து இடது முன்கையில் கொட்டிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் இட்லி மாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல வேளை, சின்னம்மா அதற்குள் குழாயடியில் கையை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். அதற்கு ஈடான முதல் மருந்து இன்னும் வரவில்லை.

அவள் உள்ளங்கையால் அளந்தால் இரண்டு கை அகலம். ஒரு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பது வார்டுக் கணக்கு. கொப்புளம் உடைந்த இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது; தொட்டால் உயிர் போகிற வலி. வலி இருந்ததே ஆறுதல்தான். ஆழமாக வெந்திருந்தால் நரம்பும் வெந்து, அங்கே மரத்துப்போயிருக்கும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் பத்து வருஷமாக நிற்கிறவன். தீக்காயச் சீட்டோடு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எது நல்லா கேக்கும்?" சின்னம்மா விஷயத்தில்தான் அதற்கு முழுசாக யோசிக்க வேண்டி வந்தது.

அரசு மருத்துவமனையில் முதல் நாள் போட்டது வெள்ளை மருந்து: 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் கிரீம். அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஃபாக்ஸ் 1968-ல் கொண்டுவந்தது. அதற்கு முன் 0.5 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலில் கட்டை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். படுக்கை, தரை, நர்ஸின் கை எல்லாம் கறுத்துப்போகும், உடம்பின் உப்புச் சத்தும் இறங்கும். அந்தத் தொல்லைகளிலிருந்து மீட்டது இந்த கிரீம். வெந்த தோலுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுவதால் விழுங்கும் ஆன்டிபயாடிக் அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் மேலே பூசுகிற மருந்துக்கு இவ்வளவு மதிப்பு. பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இரண்டு கிருமிகளையும் வெள்ளி அடக்கும்.

சங்கடம் கட்டைப் பிரிக்கும்போது. தினம் ஒரு தடவையாவது, சொல்லப்போனால் இரண்டு தடவை, பழைய மருந்தை வழித்துக் கழுவிப் புதுசு பூச வேண்டும். இரண்டு மூன்று நாளில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு ஏடு படியும். சீழ் என்று பயந்து கடைக்கு ஓடி வருவார்கள். பெரும்பாலும் அது மருந்தும் காயத்தின் நீரும் கலந்த படலம்தான். ஆனால் அந்த ஏட்டுக்குக் கீழே காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கே சரியாகத் தெரியாது. முளைக்கிற புதுத் தோலையும் அந்த மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்கள், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் இவர்களுக்கு ஆகாது.

மூன்றாம் நாள் சின்னம்மா, "டெய்லி பிச்சு எட்க்குறாங்கோ நைனா, சதையே கூட வர்றா மாதிரி கீது" என்றாள். மருந்து இலவசம், டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு இலவசம். போனது கடை. வரிசையில் நின்று கட்டு மாற்றித் திரும்பி வர மதியம் தாண்டிவிடும், அதற்கப்புறம் மாவு கரைப்பது யார்?

தினம் பிரிக்காமல் விட்டுவைக்கிற கட்டுதான் வெள்ளித் தாள். நான் அப்படிச் சொல்வது இரண்டு சாதி. ஒன்று, மிக நுண்ணிய வெள்ளிப் படிகம் பூசிய வலை. இதை நனைக்கக் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். பழக்க தோஷத்தில் சலைனை (உப்புநீரை) ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், தாளுக்குக் கொடுத்த காசு வீண். இன்னொன்று, வெள்ளி கலந்த செல்லுலோஸ் நார் விரிப்பு. காயத்தின் நீரை உறிஞ்சிக் கூழாகிக் காயத்தோடு படிந்துவிடும். முதல் சாதி மூன்று முதல் ஏழு நாள் வரை இருக்கலாம். இரண்டாவதை, சுத்தமான மேலோட்டமான தீக்காயத்தில், இரண்டு வாரம் வரைகூட விட்டுவைப்பதுண்டு. வெளிக்கட்டு நனைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். விலைதான் கசக்கும்: கிரீம் ட்யூப் நூறு ரூபாய்க்குள் முடியும், தாள் கையகலத்துக்கே பல நூறு.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று, 2013-ல் வந்தது, தாள் வகைக் கட்டுகளையும் செயற்கைத் தோலையும் விட சில்வர் சல்ஃபாடயசின் பூசியவர்களுக்கே காயத் தொற்று அதிகம் என்று சொன்னது. அதில் சேர்த்த ஆய்வுகள் சின்னவை, தரமும் சுமார்தான் என்றும் அதே ஆய்வு சொன்னது. எனக்கு ஆச்சரியமில்லை. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் முளைத்த தோல் கிழிகிறது, கிருமிக்கும் கதவு திறக்கிறது.

தேனை விட்டுவிட முடியாது. மேலோட்டமான தீக்காயம் வழக்கமான கட்டுகளை விடத் தேனில் சில நாள் முன்னதாக ஆறுகிறது என்று 2015-ல் இன்னொரு காக்ரேன் ஆய்வு உறுதியாகவே சொன்னது. ஆனால் அது காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். கொத்தவால் சாவடியில் அளந்து வாங்கும் தேனில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பச்சைப் புண்ணில் அதைக் கொட்டாதீர்கள்.

கொலாஜன் என்ற தோல் புரதத்தில் செய்த ஷீட் சென்னைக்கு அந்நியமில்லை. அடையாறு மத்தியத் தோல் (லெதர்) ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. புதுக் காயத்தில் ஒட்டினால் வலி சட்டென்று தணியும், ஆறியதும் தானே உரியும். ஆனால் அதற்குத் தானாகக் கிருமியைக் கொல்லும் குணம் கிடையாது, அடியில் சீழ் கோத்தால் எடுத்தே ஆக வேண்டும். பாரஃபின் தடவிய வலைத்துணியும் அப்படித்தான். கிருமிநாசினி குளோர்ஹெக்சிடின் கலந்தது ஓரளவு பரவாயில்லை. மும்பையில் கிருமி நீக்கிய வாழை இலையையே கட்டாகப் போட்டுப் பார்த்து 2003-ல் எழுதியிருக்கிறார்கள். பிரிக்கும்போது வலி இல்லை என்பதுதான் அதன் பெருமை.

ஆழமாக வெந்த காயம், அழுக்கேறிக் காலதாமதமாக வந்த காயம், ஏற்கெனவே நாற்றமடிப்பது இவற்றை நாள் கணக்கில் மூடி வைப்பது ஆபத்து. அங்கே தினம் பிரித்துப் பார்க்கிற வெள்ளை மருந்துதான் என் ஓட்டு. விரல்கள் வெந்தால் அந்த கிரீமைப் பூசிக் கையை பாலிதீன் பைக்குள் விடுவார்கள். விரலை ஆட்டிக்கொண்டே இருக்கலாம், மடங்கி இறுகாது. சாதாரணமாகச் சுற்றுகிற தாளில் அந்த வசதி குறைவு. முகம், மூட்டு, கரண்ட் ஷாக், ஆசிட் என்றால் கடையில் நின்று பேசவே கூடாது. நேராகத் தீக்காய வார்டு.

சின்னம்மாவுக்கு நான்காம் நாள், டாக்டர் பார்த்து ஆமோதித்து, நார் விரிப்பு போட்டோம். நம்ம ஊர் வியர்வையில் பிளாஸ்டர் நிற்காது என்பதால் மேலே ரோலர் பேண்டேஜ். காய்ச்சல், கெட்ட வாடை, பச்சை நிறம், சுற்றிலும் பரவும் சிவப்பு, கூடுகிற வலி: இதில் ஒன்று வந்தாலும் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். எதுவும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஓரங்கள் தாமாகத் தூக்கிக்கொண்டன. உரிந்த அளவுக்குக் கத்தரித்துக்கொண்டே வந்தோம்.

மிச்சமிருந்த வெள்ளை மருந்து ட்யூபை அடுப்பு மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மூடி திறந்தபடி கிடந்தது, வாயில் கடலை மாவு. குப்பையில் போட்டேன். "இன்னொரு தபா ஆவுமேடா" என்று சண்டைக்கு வந்தாள்.