பைபாஸுக்குப் பின் சிறுநீரகம்: கிரியாட்டினினா, சிஸ்டாட்டின் சி-யா?

இதய பைபாஸ் முடிந்து அப்பா வீடு திரும்பியதும், சிறுநீரகத்தைக் கவனிக்கக் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா, சிஸ்டாட்டின் சி என்ற இன்னொன்றையும் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. மருத்துவரிடம் கேட்டு இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டோம். வயதாகி உடம்பு மெலிந்தவர் வீட்டில் இருந்தால் நீங்களும் அதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

கிரியாட்டினின் தெரிந்த கதைதான்: சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு அது, வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் கூடும். விலை குறைவு, பலதுறை மருந்தகத்திலேயே எடுப்பார்கள், ஹெல்த்ஹப் செயலியில் பழைய எண்களும் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் கூடினாலோ, 7 நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று கணக்கு. அப்பாவுக்கு 98 இருந்தது ஐசியூவில் 152-க்குப் போனது. ஆனால் அது மெதுவாகத்தான் ஏறும், ஒன்றிரண்டு நாள்கூட ஆகும்.

அந்தத் தாமதத்துக்கு மாற்றாகத்தான் என்ஜிஏஎல் (சிறுநீரகம் அடிபட்டதும் சீக்கிரமே கூடும் ஒரு புரதம்) பேசப்படுகிறது. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளிடம் 2 மணி நேரத்திலேயே அது ஏறுவதை 2005-இல் காட்டினார்கள். பெரியவர்களிடம் கிருமித்தொற்றும் பழைய சிறுநீரக நோயும் அதை ஏற்றிவிடும். அது ஐசியூ மருத்துவர்களின் கையில் இருக்கிற விஷயம், எங்களுக்கு அனுபவமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வித்தியாசம் தெரிகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்தால் தசை கரையும். சிறுநீரகம் தேறாவிட்டாலும் கிரியாட்டினின் இறங்கும். அப்பாவின் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகித் தொங்கியது, மேல்கை என் மணிக்கட்டு போலாகிவிட்டது. அந்த நிலையில் அறிக்கையில் 90 என்று வந்தது, அறுவை சிகிச்சைக்கு முன்பைவிடக் குறைவு! எழுபது வயதுக்காரருக்கு அதைச் சிறுநீரகம் வடிகட்டும் திறனாக (நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர், கூடுதலாக இருந்தால் நல்லது) மாற்றினால் 79. கேட்பதற்கு நிம்மதியான எண்.

சிஸ்டாட்டின் சி ஒரு புரதம், அதையும் சிறுநீரகம்தான் வடிகட்டுகிறது. உடம்பில் கரு உள்ள எல்லா உயிரணுக்களும் அதை ஏறக்குறைய சீராகச் சுரக்கின்றன, தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. அப்பாவுக்கு அது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம்; அதன்படி திறன் 53. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 65-ஐ ஒட்டி வந்தது. கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பின் 2024 வழிகாட்டியும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பதைத்தான் பரிந்துரைக்கிறது. 79 என்று நினைத்திருந்தால் முட்டிவலிக்கு அவர் வழக்கமாகப் போடும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஐபுப்ரோஃபென் தொடர்ந்திருக்கும். இப்போது அது நின்றுவிட்டது, பனடோல்தான். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே நாள் குறித்துவிட்டார்கள்.

சிஸ்டாட்டினிலும் குறை உண்டு. ஸ்டீராய்டு மருந்து, தைராய்டு கோளாறு, உடல் பருமன், புகைப்பழக்கம் எல்லாம் எண்ணை மாற்றும். விலையும் கூடுதல். தசைக்கட்டு குறையாத ஐம்பது வயதுக்காரருக்குக் கிரியாட்டினினே போதுமாக இருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, அப்பாவுக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பு எடுத்த சிஸ்டாட்டின் எண் கிடையாது. அதனால் இந்த 53-இல் பைபாஸின் பங்கு எவ்வளவு, இருபது வருட சுகரின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், முன்பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதே இதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.